வெற்றிடத்தின் உராய்வு

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் வந்து குடியேறிய தமிழர் எவருக்கும் அறிமுகமான காட்சி ஒன்றுண்டு. மிளகும் சுக்கும் ஏலமும் அடுக்கிய பழைய பண்டகசாலை, தடித்த சுவர், உயர்ந்த கூரை, அக்கூரையில் ஓட்டு வரிசைக்கு நடுவே பதித்த ஒரு கண்ணாடி ஓடு. முற்பகல் வெயில் அதன் வழியே இறங்கித் தரையைத் தொடும்போது, இருளின் நடுவே ஒளித்தூண் ஒன்று சாய்ந்து நிற்பது போலத் தோன்றும். யாரேனும் ஒரு மூட்டையைப் புரட்டினால் போதும். அத்தூண் முழுவதும் மிளகுத் தூசி எழுந்து மிதக்கும். ஒவ்வொரு தூசியும் மின்னும், மறையும், மீண்டும் மின்னும். தூசி சுழன்றுகொண்டே செல்வதுதான் அதற்குக் காரணம். அதன் தட்டையான முகம் நம்மை நோக்கும்போது ஒளி நம் கண்ணை எட்டுகிறது. முகம் திரும்பியதும் ஒளி மறைகிறது.

வீட்டினுள் நுழையும் கதிரில் மிதக்கும் இத்தகைய தூசியைக் கண்டே, மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில் கோடி கோடியாகப் பரந்த அண்டங்களை அதற்கு ஒப்பிட்டார். அவர் சிறியதைக் காட்டிப் பெரியதை விளக்கினார். நாம் இன்று அச்சிறியதையே எடுத்துக்கொள்வோம். சுழலும் ஒரு தூசியைப் பற்றி இரண்டு கேள்விகள் மட்டும் கேட்போம். இதற்குச் சுழற்சியைத் தந்தது யார்? தந்த சுழற்சி பிறகு எங்கே போகிறது?

கணக்குப் பிள்ளைகளுக்கு இக்கேள்விகளின் இயல்பு எளிதில் விளங்கும். பேரேட்டில் ஒரு தொகை வரவில் ஏறினால், அது வந்த இடம் ஒன்று இருக்கவேண்டும். செலவில் இறங்கினால், சென்ற இடம் ஒன்று இருக்கவேண்டும். இடையில் மாயமாய் மறைய இயலாது. இயற்கையும் சில பொருள்களில் இவ்வாறே கணக்கு வைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று, பௌதிக நூலார் கோண உந்தம் என்று கூறும் சுழற்சியின் அளவு. ஒன்று சுழற்சி பெற்றால் மற்றொன்று இழந்திருக்கும். ஒன்று இழந்தால் மற்றொன்று பெற்றிருக்கும். இக்கணக்கில் ஒளி எழுதிய வரவும், வெற்றிடம் எழுதும் செலவும் எவ்வாறு கண்டறியப்பட்டன என்பதே நாம் சொல்லவந்த வரலாறு.

முதலில் வரவைக் காண்போம். பண்டகசாலைத் தூசியைச் சுழற்றுவது பெரும்பாலும் காற்று. ஆயினும் ஒளியும் பொருளைத் தள்ளவல்லது என்பதை மாக்ஸ்வெல் 1873ஆம் ஆண்டில் தம் மின்காந்த நூலில் கணித்துக் கூறினார். மாஸ்கோவில் லெபெதெவ் 1901இல் அத்தள்ளுதலை அளந்தே காட்டினார். தள்ளும் ஒளி திருகவும் செய்யுமா? செய்யும் என்று 1909ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி பாய்ண்டிங் எழுதினார். ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் நில்லாமல் திருகாணியைப் போலச் சுற்றிச் சுற்றி முன்னேறுமாறு செய்யலாம். அத்தகைய ஒளி ஒரு பொருளின்மேல் விழுந்தால் அதனைச் சிறிது திருப்பவேண்டும் என்பது அவர் முடிவு. எனினும் அத்திருப்பம் மிகமிகச் சிறியதாதலின், அளப்பது அரிது என்றே அவர் எண்ணினார்.

இவ்விடத்தில் நாம் கொச்சியை விட்டுக் கொல்கத்தாவுக்குச் செல்லவேண்டும். அந்நாளில் கல்கத்தா என்று வழங்கிய அந்நகருக்கு 1907ஆம் ஆண்டில் ஒரு தமிழ் இளைஞர் உத்தியோகம் பார்க்கச் சென்றார். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தவர், வயது பதினெட்டு, ஏற்ற பதவி உதவிக் கணக்குத் தலைவர். மொழி வேறு, உணவு வேறு, ஊர் வேறு. பவ்பஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் பெரும்பாலும் ஆளின்றிக் கிடந்தது. காலையில் அலுவலகத்துக்குமுன் அங்கே ஆராய்ச்சி. பகலில் அரசாங்கக் கணக்கு. மாலையில் மீண்டும் ஆராய்ச்சி என்று பல ஆண்டுகள் உழைத்தார் சந்திரசேகர வேங்கடராமன். 1917ஆம் ஆண்டில் ஊதியம் குறைந்தாலும் சரி என்று உத்தியோகத்தை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு வெளிப்பட்டதும், 1930ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்ததும் எல்லோரும் அறிந்தவை. அதற்கு அடுத்த ஆண்டில் அவர் செய்த ஒரு வேலையை அறிந்தவர் சிலரே.

ஒளி தொடர்ச்சியான அலை மட்டுமன்று, தனித்தனித் துகள்களாகவும் செயற்படுகிறது என்னும் கொள்கை அப்போது வலுப்பெற்றிருந்தது. அத்துகளுக்குப் போட்டான் என்று பெயர். டாக்காவில் ஆசிரியராயிருந்த சத்தியேந்திரநாத் போஸ் 1924ஆம் ஆண்டில் அப்போட்டான்களை எண்ணும் புதிய முறை ஒன்றை வகுத்தார். எண்ணி முடித்தபின், சரியான விடை வருவதற்கு இரண்டு என்னும் எண்ணால் பெருக்கவேண்டியிருந்தது. ஏன் இரண்டு? அச்சில் வந்த கட்டுரையில் அதற்கு விரிவான விளக்கம் இல்லை. ஒவ்வொரு போட்டானும் தான் செல்லும் திசையை அச்சாகக் கொண்டு, வலமாகவோ இடமாகவோ, ஒரு குறித்த அளவு சுழற்சியைத் தாங்கிச் செல்லக்கூடும் என்பது போஸின் உள்ளத்தில் இருந்த கருத்து. வலம் ஒன்று, இடம் ஒன்று, ஆகவே இரண்டு. போஸ் தம்மிடம் நேரில் தெரிவித்த இக்கருத்தை இராமனும் அவருடைய மாணவர் பகவந்தமும் 1931இல் தம் கட்டுரையிலேயே பதிவுசெய்தனர். அவ்வாறு செய்திராவிடில், இது எவர் எண்ணம் என்பதை உலகம் மறந்தே போயிருக்கும்.

சூரி பகவந்தம் ஆந்திர நாட்டைச் சேர்ந்தவர். அப்போது இருபத்திரண்டு வயது. அவரும் இராமனும் கையாண்ட முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். வாயுவின் மூலக்கூறுகள் ஓயாமல் சுழல்பவை. ஒரே நிறமுள்ள ஒளியை வாயுவினுள் செலுத்தினால், அது நாற்புறமும் சிதறுகிறது. சிதறிய ஒளியில் நிறம் மாறாத பகுதி ஒன்றுண்டு. அதன் இருபக்கமும் சிறிதே நிறம் மாறிய பகுதிகளும் உண்டு. மாறிய பகுதி, மூலக்கூறு தன் சுழற்சியைக் கூட்டிக்கொண்டதற்கோ குறைத்துக்கொண்டதற்கோ அடையாளம். போட்டானுக்குச் சொந்தச் சுழற்சி உண்டென்றால், மூலக்கூறுக்கும் அதற்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல் ஒருவிதமாக இருக்கவேண்டும்; இல்லையென்றால் வேறுவிதமாக இருக்கவேண்டும். இவ்வேற்றுமை, ஒவ்வொரு பகுதியிலும் ஒளியின் அதிர்வுத் தளம் எவ்வளவு குலைந்திருக்கிறது என்பதில் வெளிப்படும். அக்குலைவை அவர்கள் பகுதி பகுதியாகப் பிரித்து அளந்தனர். அளவு, சுழற்சி உண்டு என்பதற்கே சான்று கூறிற்று. போட்டானின் சுழற்சிக்குப் பரிசோதனைச் சான்று என்னும் பொருளுள்ள தலைப்பில் அக்கட்டுரை இந்தியப் பௌதிக இதழில் வெளிவந்தது.

ஐந்தாண்டு கழித்து, 1936இல், அமெரிக்காவில் ரிச்சர்டு பெத் என்பவர், பாய்ண்டிங் அரிது என்று விட்ட காரியத்தையே செய்து முடித்தார். குவார்ட்ஸ் தகடு ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, சுற்றிச் செல்லும் ஒளியை அதன் வழியே செலுத்தினார். இழை முறுக்கிக்கொண்டது, தகடு திரும்பிற்று. ஒளி பொருளைத் திருப்புவதைக் கண்ணாற் காணும்படி செய்த பெருமை அவருடையது. பாடப்புத்தகங்களில் அவர் பெயரே பெரிதும் இடம்பெறுகிறது. அது தகுதியுடையதே. ஆயினும் போஸ் எண்ணியதும், இராமனும் பகவந்தமும் அளந்ததும் அதற்கு முந்தியவை. தம் ஊரை விட்டு வேற்றூரில் வேலை செய்தவர்கள் எழுதிய வரவு பேரேட்டில் விடுபடாமல் இருக்கவேண்டும் என்பதில் நம் போன்றோர்க்குச் சிறிது அக்கறை அதிகம் இருப்பது இயல்பு அல்லவா?

ஒரு போட்டான் சுமந்துசெல்லும் சுழற்சி எவ்வளவு? கிலோகிராம், மீட்டர், விநாடி என்னும் அளவைகளில் கூறினால், ஒன்று என்னும் எண்ணை, ஒன்றின்பின் 34 சுழியங்கள் இட்ட எண்ணால் வகுத்த அளவு. அது சிவப்பு ஒளியானாலும் நீல ஒளியானாலும் ஒன்றே. இது வரவு.

இனிச் செலவைக் காண்போம். பண்டகசாலைத் தூசி பெற்ற சுழற்சியை உடனே பறித்துக்கொள்வது காற்று. சுழலும் தூசியின்மேல் காற்றின் மூலக்கூறுகள் மோதி, அதன் வேகத்தைத் தாம் வாங்கிக்கொள்கின்றன. இப்போது கற்பனையில் பண்டகசாலையின் கதவுகளை இறுக மூடிக் காற்று முழுவதையும் வெளியேற்றிவிடுவோம். தூசி எதையும் தொடாமல் நடுவெளியில் சுழலட்டும். அப்போதும் அது மெல்ல மெல்லத் தளரும். ஏனெனில், சுவர்கள் வெதுவெதுப்பாக இருக்கின்றன. வெதுவெதுப்பான பொருள் எதுவும் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிரை வீசிக்கொண்டே இருக்கும். அக்கதிரும் தூசியின் சுழற்சியை அரிக்கும். சரி, சுவர்களையும் தூசியையும் தனிப்பூச்சியம் வரை, அதாவது உறைநிலைக்குக் கீழே 273 பாகை வரை, குளிர்வித்துவிடுவோம். இப்போது காற்றும் இல்லை, வெப்பமும் இல்லை. சுழற்சி என்றென்றும் நிலைக்குமா?

நிலைக்காது என்பதுதான் குவாண்டம் பௌதிகம் தரும் விடை. அவ்விடையின் வேர் ஒல்லாந்து நாட்டில் இருக்கிறது. ஒல்லாந்தர் மட்டாஞ்சேரிக்குப் புதியவர் அல்லர். 1663 முதல் 1795 வரை கொச்சியைத் தம் பிடியில் வைத்திருந்தவர்கள். போர்த்துகீசியர் கட்டிய அரண்மனையைப் புதுப்பித்து, அதற்கு டச்சு அரண்மனை என்னும் பெயர் நிலைக்கச் செய்தவர்கள். அந்நாட்டின் ஐந்தோவன் நகரில், பிலிப்ஸ் ஆராய்ச்சிச்சாலையில், நீர்மத்தில் மிதக்கும் நுண்தூள்கள் ஒன்றையொன்று எவ்வாறு ஈர்க்கின்றன என்னும் ஆராய்ச்சி நடந்தது. தூரம் மிகும்போது அவ்வீர்ப்பு, அன்றைய கொள்கை கூறியதைவிட விரைவாகக் குறைவதாகத் தோன்றிற்று. காரணம் தேடியவர்கள் ஹெண்ட்ரிக் காசிமிர், டிர்க் போல்டர் என்னும் இருவர். தம் விடையைக் காசிமிர் டென்மார்க் அறிஞர் நீல்ஸ் போரிடம் கூறியபோது, இதற்கும் தனிப்பூச்சியத்திலும் ஒழியாத சக்திக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்று போர் குறிப்பாகச் சொன்னாராம். அக்குறிப்பைப் பின்பற்றிய காசிமிர், 1948ஆம் ஆண்டில் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார். மின்னேற்றம் சிறிதும் இல்லாத இரண்டு உலோகத் தகடுகள் வெற்றிடத்தில் அருகருகே நின்றால், ஒன்றையொன்று ஈர்க்கும் என்பதே அது.

ஏன்? வெற்றிடம் முழுக்க வெறுமையன்று. ஒளியின் புலம் எங்கும் பரந்திருக்கிறது. தனிப்பூச்சியத்திலும் அது முற்றிலும் அடங்குவதில்லை. நள்ளிரவில் காற்றே இல்லாதபோதும் கொச்சிக் காயலின் நீர் முழுவதும் அசைவற்று நில்லாதது போல, அது எப்போதும் சிறிது துடித்துக்கொண்டே இருக்கும். பொருளினுள் இருக்கும் மின்துகள்களும் அவ்வாறே துடிக்கின்றன. தகடுகளின் ஈர்ப்பு அத்துடிப்பின் விளைவு. இதனை அமெரிக்காவில் லாமரோ 1997ஆம் ஆண்டில் ஐயத்துக்கு இடமின்றி அளந்து காட்டினார்.

துடிப்பு ஈர்க்கும் என்றால், ஓடுவதைத் தடுக்கவும் செய்யுமா? இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். சென்னையிலிருந்து எர்ணாகுளத்துக்கு வரும் இரவு இரயிலில் சன்னலை மூடிக்கொண்டு படுத்திருக்கிறோம். தண்டவாளம் நேராகவும் வேகம் சீராகவும் இருக்குமாயின், ஓடுகிறோமா நிற்கிறோமா என்பதை உள்ளிருந்து அறிய இயலாது. சீரான நேரோட்டத்தை வெற்றிடத்தாலும் அறிய இயலாது. ஆதலால் தன்னந்தனியே நேராக ஓடும் பொருளை அது தடுப்பதில்லை. திருவிழாவில் குடைராட்டினம் ஏறினாலோ, கண்ணை மூடிக்கொண்டாலும் சுற்றுவது தெரியும். சுழற்சி மறைக்கமுடியாதது. வெற்றிடமும் அதனை அறியும். 1971ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் செல்தோவிச், ஒளியை விழுங்கும் இயல்புடைய பொருள் ஒன்று சுழன்றால், அதன்மேல் படும் சில அலைகள் வலுப்பெற்றுத் திரும்பும் என்றும், அலையே படாதபோதும் அப்பொருள் தானே கதிர் வீசித் தன் சுழற்சியை இழக்கும் என்றும் கணித்தார். கருந்துளைகள் கதிர் வீசும் என்று பின்னர் ஹாக்கிங் கண்டதற்கு இவ்வெண்ணமும் ஒரு தூண்டுகோல். அலை வலுப்பெறும் என்னும் முதற்பகுதியை, சுழலும் அலுமினிய உருளையைக் கொண்டு பிரிட்டனில் 2024ஆம் ஆண்டில் காட்டியுள்ளனர்.

தனியே சுழலும் தூசிக்கு இவ்விழப்பு மிகச் சொற்பம். அருகில் ஒரு சுவர் இருந்தால் நிலைமை மாறுகிறது. தூசியினுள் துடிக்கும் மின்துகள்களுக்கு, கண்ணாடியில் நம் உரு தோன்றுவது போலச் சுவரிலும் ஓர் எதிருரு உண்டாகிறது. தூசி சுழலும்போது எதிருருவும் உடன் சுழலவேண்டும். ஆனால் சுவரிலுள்ள மின்துகள்கள் எளிதில் நகர்வதில்லை. ஆகவே எதிருரு சற்றுப் பின்தங்குகிறது. பின்தங்கிய எதிருரு தூசியைப் பின்னோக்கி இழுக்கிறது. தூசி இழந்த சுழற்சி சுவரைச் சேர்கிறது. இழந்த சக்தி வெப்பமாகிறது. தொடாமலே நிகழும் இவ்விழுப்புக்குக் குவாண்டம் உராய்வு என்று பெயர்.

இக்கொள்கை எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. இரண்டு வழுவழுப்பான பரப்புகள் தொடாமல் ஒன்றின்மீது ஒன்று நகர்ந்தாலும் வெற்றிடம் அவற்றைத் தடுக்கும் என்று இலண்டனில் ஜான் பெண்ட்ரி 1997இல் கணக்கிட்டுக் காட்டினார். அப்படி ஒரு தடையே இல்லை என்று ஸ்காட்லாந்தில் பில்பினும் லியோன்ஹார்ட்டும் 2009ஆம் ஆண்டில் மறுத்தனர். பெண்ட்ரி மறு ஆண்டே பதில் எழுதினார். அதே 2010இல் ஸ்பெயின் நாட்டு மஞ்சவாகாஸும் கார்சியா தெ அபாஹோவும் வெற்றிடத்தில் சுழலும் நுண்துகளின் உராய்வைக் கணித்தனர். 2012இல் அவ்விருவரும் பெண்ட்ரியும் மற்றோர் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, பரப்பின் அருகே சுழலும் துகளுக்குரிய கணக்கை வெளியிட்டனர். துகள் பரப்பை நெருங்க நெருங்க உராய்வு மிக விரைவாக வளரும் என்பது அதன் பயன்.

கணக்கு எவ்வளவு அழகாயினும், அளந்து பார்க்கும்வரை அது கணக்கே. அளப்பதற்கு மூன்று வேண்டும்: எதையும் தொடாமல் துகளைத் தாங்கவேண்டும், மிக வேகமாகச் சுழற்றவேண்டும், பரப்பின் அருகே நிறுத்தவேண்டும். லேசர் ஒளியால் சிறு துகளைத் தாங்கிப் பிடிக்கலாம் என்று ஆர்தர் ஆஷ்கின் 1970 முதல் வழிகாட்டினார்; அதற்காக 2018இல் நோபெல் பரிசும் பெற்றார். அதே 2018ஆம் ஆண்டில் சூரிச் நகரிலும் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்திலும் இரு குழுவினர், மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஓரிரு கூறே அளவுள்ள துகள்களை விநாடிக்கு நூறு கோடி முறைக்கு மேல் சுழற்றினர். 2020இல் பர்டூவினர் விநாடிக்கு ஐந்நூறு கோடி முறையை எட்டினர். சுழற்றுவதற்கு அவர்கள் பயன்படுத்தியது எது? சுற்றிச் செல்லும் ஒளி. போஸ் எண்ணிய, இராமனும் பகவந்தமும் அளந்த அந்தச் சுழற்சியே இங்கே துகளைத் திருப்பும் கையாக வந்து நிற்கிறது. 2023ஆம் ஆண்டில் நீலக்கல் பரப்பு ஒன்றிலிருந்து அரை மைக்ரானுக்கும் குறைந்த தொலைவில், அதாவது மில்லிமீட்டரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குள், ஒரு துகளை விநாடிக்கு நூறு கோடி முறைக்கு மேல் சுழலவைத்தனர். அச்சோதனை வெற்றிடத்தின் உராய்வை அளந்துவிடவில்லை. எஞ்சியுள்ள சிறிது காற்றின் தடையும் லேசரின் திருகலும் அதனை மூடி மறைக்கும் அளவுக்கு அது நுண்ணியது. ஆனால் அளக்கும் இடத்துக்கு வழி திறந்தது.

வெற்றிடம் உண்மையில் எடுத்துக்கொள்கிறதா என்பதை அறிவது வெறும் விநோதம் அன்று. ஒன்றையொன்று தொடாமல் இயங்கும் மிகச் சிறிய பொறிகளைச் செய்ய முயல்வோர், எவ்வளவு மெருகேற்றினாலும் நீங்காத தடை ஒன்று உண்டா என்பதை அறிந்தாகவேண்டும். வெற்றிடம் என்றால் என்ன என்னும் பழைய கேள்விக்கும் அவ்வளவே விடை கூறும்.

மட்டாஞ்சேரிக்குத் திரும்புவோம். வெயில் நகர்ந்துவிட்டது, கண்ணாடி ஓட்டின் ஒளித்தூண் மூட்டைகளின்மேல் ஏறி மங்குகிறது. மூலையில் கணக்கர் அன்றைய ஏட்டை மூடுமுன் வரவையும் செலவையும் கூட்டிப் பார்க்கிறார். சுழற்சியின் பேரேட்டிலும் ஒளியின் வரவு 1931ஆம் ஆண்டிலேயே சான்றுடன் எழுதப்பட்டுவிட்டது. எழுதியவருள் ஒருவர் காவிரிக் கரையில் பிறந்து, கணக்கு உத்தியோகத்துக்காக வேற்றூர் சென்றவர். எதிர்ப்பக்கத்தில் வெற்றிடத்தின் பெயரால் எழுதவேண்டிய தொகைக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அத்தொகையை அளந்து எழுதப்போகிறவர், இப்போது ஏதோ ஒரு வேற்றூர்ப் பள்ளியில், வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் ஒரு மொழியுமாகப் பயிலும் நம் பிள்ளைகளுள் ஒருவராகவும் இருக்கலாம். அடுத்த முறை கூரை வெயிலில் தூசி மின்னுவதைக் காணும்போது, இக்கதையை அவர்களிடம் சொல்லி வைப்போம்.